மத்தியானத்துக்கு மேல் பால் கிடையாது

அது 2006-ஆம் வருடம். நான் விசிட் விசாவில் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. முவைலாவில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் ஃப்ளாட்டில் ஒரே ஒரு ரூமை எனக்காகவே என் கணவர் வாடகைக்கு எடுத்திருந்தார். அடுப்படி அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. ஜன்னலைத் திறந்தால் மணலும் பாதி கட்டிய கட்டடங்களும்தான் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் அவரும் மட்டும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசியது அந்த ரூமில்தான்.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள், பெட்டி பிரிக்கும் வரை நகராத சொந்தக்காரர்கள் என்று ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் புருஷனிடம் நாலு வார்த்தை பேசவே நேரம் பார்க்க வேண்டும். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "காபி" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் கொண்டுபோய் வைப்பேன். அந்த வீட்டில் ஆம்பிளைகள் யாரும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்கூட மொண்டு குடிக்க மாட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சினால் நான் குடிப்பேன். மிஞ்சாது, அது வேறு விஷயம்.

அவருக்குத் துபாயில் என்ன வேலை என்று கேட்டால் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், இத்தாலிக்காரன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று. அதைச் சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். என்னோடு கூடப்பிறந்த அண்ணன்தான் முன்னால் நின்று அந்தச் சம்பந்தத்தை முடித்தது. அண்ணன் இன்ஜினியர். "என் தங்கச்சிய துபாய் சூப்பர்வைசருக்குக் குடுத்துருக்கேன்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிடுவார். அவ்வளவு பெருமை.

அந்த அண்ணனுக்கே அந்த வருடம் துபாயில் வேலை கிடைத்தது. அண்ணியோடு அல் குசைஸில் குடிவந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவருக்கு வெள்ளிக்கிழமையும் டூட்டி இருக்கும். அதனால் லீவு நாளில் அண்ணனும் அண்ணியும் வந்து என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். கிரீக்கில் படகு, பெரிய பெரிய மால், கடற்கரை என்று நானும் சுற்றுலா வந்த வெள்ளைக்காரி மாதிரி தலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஒன்று மட்டும் பார்க்கவில்லை, அவருடைய ஆபீஸ். கேட்டால், "அங்கெல்லாம் ஃபேமிலிய அலவ் பண்ண மாட்டாங்க" என்பார். சரி, பெரிய கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "உன் வீட்டுக்காரர் கம்பெனி போர்டு பார்த்தேன்! அதே பேரு. கடற்கரை ரோட்டுப் பக்கம். கீழ காபிக் கடை மாதிரி இருக்கு, மேல ஆபீஸா இருக்கும். கெளம்பு, சொல்லாம கொள்ளாம போயி நிப்போம்" என்றார்.

அண்ணி லேசுப்பட்டவர் இல்லை. "மொதமொதல்ல மாப்பிள்ளை ஆபீசுக்குப் போறோம், கையை வீசிக்கிட்டா போறது?" என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு டப்பா லட்டு எல்லாம் அடுக்கிவிட்டார். மேலே ரெண்டு முழம் மல்லிகைப்பூ வேறு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். அந்த வெயிலில், அந்த ஊரில், பட்டுப்புடவையும் தட்டுமாக நாங்கள் காரை விட்டு இறங்கியதைப் பார்த்த யாராக இருந்தாலும் பெண் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே காபி வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளே நான் நினைத்த மாதிரி மேஜை நாற்காலி ஒன்றும் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக ஒரு சலவைக்கல் மேடை. அதன் முன்னால் வரிசையாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டு போட்டவர், கந்தூரா என்கிற நீள அங்கி போட்ட அரபி, குட்டைப் பாவாடை போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் என்று எல்லாரும் நின்றபடியேதான் குடித்தார்கள். பொம்மைக் கப் மாதிரி ஒரு கப், இரண்டே மடக்கு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். "ஒக்கார வைக்காத கடை என்ன கடை?" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

வாசல் பக்கத்தில் கல்லாவில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் இத்தாலிக்கார முதலாளி. அங்கே முதலில் கல்லாவில் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் மேடைக்குப் போக வேண்டுமாம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா பால் காபி கேட்டார். பெரியவர் ஒற்றை விரலை ஆட்டினார். "நோ, நோ. ஆஃப்டர் லஞ்ச், நோ மில்க்!" என்று வயிற்றைத் தட்டிக் காண்பித்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் பால் காபி குடித்தால் வயிறு கெட்டுவிடுமாம், அவர்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் குடிக்கவே மாட்டார்களாம், அவர் கடையிலும் கிடையாதாம். அண்ணி என் காதில் விளக்கம் சொன்னார். காசு கொடுப்பவளுக்கே பால் கிடையாது என்கிறாரே, நல்ல ஆளாக இருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரியவர் அந்த அம்மாவோடு மல்லுக்கு நிற்கட்டும் என்று அண்ணன் நேராக மேடைக்குப் போனார். மாடிக்கு வழி கேட்பதற்காக, மெஷினுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றவரை "எக்ஸ்க்யூஸ் மீ" என்று கூப்பிட்டார்.

திரும்பியது என் கணவர்.

வெள்ளைச் சட்டை, கழுத்துவரை கறுப்பு ஏப்ரன், தோளில் ஒரு துண்டு, கையில் ரெண்டு குட்டிக் கப். காலையில் பேண்ட் சட்டையை அயர்ன் பண்ணி, ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போன அதே மனிதர். அண்ணனைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். பட்டுப்புடவையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தே, யாரோ ஒருத்தியிடம் கேட்கிற மாதிரி, "யெஸ் மேடம்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடப் பெண்டாட்டி நான் மேடமா?

அண்ணன் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முகம் கறுத்துவிட்டது. "வா, போயிரலாம். ஒண்ணும் பாக்காத மாதிரி போயிரலாம்" என்றவர், பல்லைக் கடித்துக்கொண்டு, "டீ ஆத்துறவனுக்கா உன்னைக் குடுத்தோம்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தமிழ் தெரிந்த ஆள் மேடைக்குப் பின்னால் நிற்கிறாரே! அவர் காதில் விழுந்துவிட்டது என்று அவர் தலை குனிந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அண்ணி, "சும்மா இருங்களேன், எல்லாரும் பாக்குறாங்க" என்று அதட்டினார். அண்ணன் அதற்குள் கதவருகே போய்விட்டார்.

எனக்கும் கோபம்தான், இல்லை என்று சொன்னால் பொய். காபி போடுகிற வேலை என்பதற்காக இல்லை. இந்த ஒரு மாதம் முழுக்க ராத்திரி ராத்திரி அந்தச் சின்ன ரூமில் எவ்வளவு பேசியிருப்போம், அதில் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான். நானும் அண்ணன் பின்னால் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது கடகடவென்று ஒரு சத்தம். திரும்பினால், அவர் கையில் இருந்த கப் சாசரில் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்க்கிறார், நிற்கவில்லை. தலை குனிந்தது குனிந்தபடியே இருந்தது.

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. நான் இப்போது வெளியே போய்விட்டால், ராத்திரி ரூமுக்கு வருவார். நானும் சோறு போடுவேன். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். விசா முடிந்து நான் ஊருக்குப் போவேன். ஆனால் இந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். மச்சான் முன்னால் மானம் போன மனிதர், பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள் என்றால், அந்தப் பேச்சில்லாமை கடைசி வரைக்கும் நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே ஃபோனிலேயே குடும்பம் நடத்துகிற எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அண்ணன் கூப்பிடக் கூப்பிட, நான் தட்டோடு மேடைக்குப் போனேன். ஒரு அரபி ஒதுங்கி இடம் விட்டார். தட்டைச் சலவைக்கல் மேல் வைத்தேன். எல்லாரையும் போல நானும் நின்றேன்.

"ஏங்க, எனக்கு ஒரு காபி குடுங்க."

அவர் நிமிரவில்லை. "இப்ப பால் இருக்காது. சும்மா கறுப்பாத்தான் குடுப்போம்" என்றார்.

"கடுங்காப்பியா? நல்லா இருக்கே! மொதமொதல்ல உங்க கடைக்கு வந்துருக்கேன், தட்டு பூவோட வந்துருக்கேன். எழவு வீட்டுல குடுக்குற மாதிரி கடுங்காப்பிய நீட்டுவீங்களா? பால் ஊத்திக் குடுங்க" என்றேன். நான் வேண்டுமென்றே வம்புக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் பால் விடாத காபி கொடுப்பார்கள். நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் அதை வாங்கிக் குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் கீழே குனிந்து ஃப்ரிட்ஜிலிருந்து பால் கேனை எடுத்தார்.

"நோ, நோ, நோ!" கல்லாவிலிருந்து பெரியவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. "வாட் ஆர் யூ டூயிங்? ஆஃப்டர் லஞ்ச், நோ மில்க்!"

பால் கேனோடு அவர் நிமிர்ந்தார். முதலாளியைப் பார்த்தார். கதவைப் பிடித்தபடி நின்ற அண்ணனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாஸ், திஸ் இஸ் மை வைஃப்" என்றார். ஒரு மூச்சு விட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டி, "தட் இஸ் மை பிரதர்-இன்-லா" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் 'மை வைஃப்' புரியாமல் போகுமா? காதில் தேனும் வயிற்றில் பாலும் ஊற்றின மாதிரி இருந்தது எனக்கு. கல்யாணப் பந்தலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியபோதுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

பெரியவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். திட்டப் போகிறார், வேலைக்கே உலை வைத்துவிட்டேன் என்று எனக்குப் பக்கென்றது. அவர் தட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கணவரைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சினார். பாதி இங்கிலீஷ், பாதி அவர் பாஷை. பெண்டாட்டி வந்ததைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை, இவ்வளவு நாள் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று சண்டையாம்! கடைசியில் பால் கேனைத் தட்டிக் காட்டி, "ஃபார் வைஃப், ஓகே. ஒன்லி வைஃப்" என்றார். பால் கிடைக்காமல் கசப்பைக் குடித்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்கார அம்மா உடனே கையைத் தூக்கினார். பெரியவர் அவரிடம், "யூ ஆர் ஹிஸ் வைஃப்?" என்று கேட்டார் பாருங்கள், கடையே சிரித்தது.

என் கணவர் காபி போட ஆரம்பித்தார். மெஷின் உறுமியது, பால் நுரைத்தது. எனக்கு ரொம்பச் சூடு ஆகாது. பொம்மைக் கப்பை ஒதுக்கிவிட்டு ரெண்டு எவர்சில்வர் ஜக்கை எடுத்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு கையை மேலே தூக்கி, இன்னொரு கையைக் கீழே இறக்கி, ஆத்து ஆத்து என்று ஆத்தினார். டீக்கடையில் ஆத்துகிற மாதிரியேதான். அந்தக் கடையில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஆத்தியிருக்க மாட்டார்கள். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ரெண்டு கையாலும் என் முன்னால் வைத்தார். "குடி" என்றார்.

நான் குடித்தேன். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, விவரம் தெரிந்த நாளிலிருந்து நான்தான் எல்லாருக்கும் காபி போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒருவர் நின்று காபி போட்டு, ஆற்றி, கையில் கொடுத்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "என்ன, கசக்குதா?" என்று பதறினார். "போங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். என்ன பதில் அது! வாயில் அதுதான் வந்தது.

அண்ணி எப்போதோ வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அண்ணன்தான் வாசலிலேயே நின்றார். என் கணவர் அவரைக் கூப்பிட்டார்: "மச்சான், வாங்க. ஒரு காபி சாப்புட்டுப் போங்க." அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். அவருக்குப் பால் சலுகை கிடையாது, பெண்டாட்டிக்கு மட்டும்தானே! பொம்மைக் கப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, அடியில மட்டும் ஊத்திருக்கீங்க?" என்றார். என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தட்டில் இருந்த லட்டைப் பெரியவர் கடையில் நின்ற எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் கிடைக்கிற ஏதோ பிரசாதம் என்று நினைத்தாரோ என்னவோ, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் வாயில் வைத்தார். பிறகு என் கணவரின் முதுகைத் தட்டி, "கலாஸ், கோ ஹோம்" என்று, இன்றைக்கு வேலை போதும் என்கிற மாதிரி, ஏப்ரனைக் கழற்றச் சொல்லிவிட்டார். அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து டூட்டி முடியும் முன்னால் அவர் வீட்டுக்குக் கிளம்பியது அன்று ஒரு நாள்தானாம்.

காரில் கிளம்பினோம். துபாயிலிருந்து ஷார்ஜா போகிற ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எறும்பு ஊர்வதுபோல்தான் ஊர வேண்டும். இறங்கி ஓடவும் முடியாது. பாதி வழியில் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "அந்த ஒரு மடக்குக்கு எனக்கு நெஞ்சு இன்னும் படபடங்குது மாப்ள. தெனம் எத்தனை பேருக்கு இதைக் குடுக்குறீங்க?" என்றார். அண்ணி களுக்கென்று சிரித்தார். அதோடு இறுக்கம் விட்டது.

என் கணவர் முன் சீட்டில் ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். வந்தபோது அந்தக் கடையில் தரை துடைக்கிற வேலை. பிறகு கப் கழுவுகிற வேலை. பெரியவருக்கு ஒருமுறை கையில் அடிபட்டபோது மெஷினில் நிற்க ஆள் இல்லாமல் இவரைக் கூப்பிட்டிருக்கிறார், அப்படியே நின்றுவிட்டார். பெண் கேட்டு வந்தபோது தரகர் தாமாகச் சேர்த்த வார்த்தை சூப்பர்வைசர் என்பது; அவர் வீட்டிலும் அதையே நம்பிவிட்டார்கள். "நிச்சயத்தன்னைக்கே சொல்லிரணும்னுதான் இருந்தேன் மச்சான். நீங்க எல்லார்ட்டயும் அவ்வளவு சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ஒவ்வொரு லீவுலயும் நெனப்பேன். வீட்டுல ஆம்பிளை அடுப்படிக்கே போகாத எடத்துல, நான் தெனம் ஊருக்கே காபி போடுறேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். இறங்கும்போது அண்ணன் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றார். "நான் சொன்னது காதுல விழுந்துருக்கும். மனசுல வச்சுக்காதீங்க மாப்ள" என்றார்.

ரூமுக்கு வந்ததும் எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். இத்தாலிக்காரனே மெச்சுகிற காபி போடுகிற மனிதர். ஒவ்வொரு லீவிலும், இந்த ஒரு மாதமும், நான் போட்ட காபியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறாரே! "ஏங்க, உண்மையச் சொல்லுங்க. நான் போடுற காபி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "அதுவா... நல்லா சூடா இருக்கும்" என்றார். தலையணையை எடுத்து அடித்தேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில், பக்கத்து ரூம் மலையாளி அக்கா கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

துபாயில் சொல்லிவிட்டார், சரி. ஊரில்? அதுதானே பெரிய கண்டம். விசா முடிந்து நான் திரும்பிய பிறகு அதைப் பற்றி யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. சொல்ல வேண்டியது அவர், நான் இல்லை என்று இருந்துவிட்டேன். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த லீவில் வந்தார். வந்த மறுநாள் காலை நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து நின்றார். அத்தை பதறிப்போய், "ஏம்ப்பா, தண்ணி வேணும்னா ஒரு குரல் குடுத்தா கொண்டாற மாட்டமா?" என்றார். "நீங்க போயி ஒக்காருங்கம்மா" என்றவர், பால் காய்ச்சி, டிகாஷன் விட்டு, ஆற்றி, எல்லா டம்ளரிலும் ஊற்றினார். கூடத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் டம்ளரை வாங்கவில்லை. "என்னடா இது, பொம்பளை வேலையெல்லாம் பாத்துக்கிட்டு?" என்றார்.

"இல்லப்பா, இது என் வேலைதான். துபாயில ஒரு இத்தாலிக்காரர் கடையில காபி போடுறேன். சூப்பர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவளுக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியணும்" என்றார்.

நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன். மாமனார் பேப்பரை மடிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. அத்தைதான் கையை நீட்டி ஒரு டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். "சீனி கூடப் போச்சு" என்றார். மிச்சத்தையும் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றார். நாளைக்கும் போடச் சொல்லிவிட்டார்! மாமனார் தன் காபியை அரை மணி நேரம் கழித்து, ஆறின பிறகு, யாரும் பார்க்காதபோது குடித்தார்.

என் கணவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். வேறு தொழில், பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. நன்றாகவே வரும், என் வாயும் சும்மா இருக்காது. ஆனால் எந்தச் சண்டையிலும் அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார், நானும் அப்படித்தான். அன்றைக்கு அண்ணன் கூப்பிட்டதும் பின்னாலேயே நானும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயிருந்தால், எல்லார் மானமும் பத்திரமாக இருந்திருக்கும். நாங்கள் இருவர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே கடைசி வரைக்கும் குடும்பம் நடத்தியிருப்போம்.